முதலாளியின் ஒயரில்லாத தட்டு

அப்போதெல்லாம் சங்ககிரி லாரி ஆபீஸ்களில் "சின்னப் பின் சார்ஜர் இருக்குதா?" என்று கேட்டே சிநேகமானவர்கள் உண்டு. போன் ஏறும்வரை டிரைவர்கள் பிளக் போர்டைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அது ஒரு காலம்.

பிறகு நல்லசாமி முதலாளி ஒயரில்லாமல் சார்ஜ் ஏற்றும் தட்டு ஒன்று வாங்கினார். ஆபீஸ் கூட்டும் ராமக்காளைக் கூப்பிட்டார்.

"இதென்ன ஆபீஸா, துணி காயப்போடற கொடியா? எல்லாச் சார்ஜரையும் கழட்டு. நாளைக்கு ஒரு ஒயர் கண்ணுல பட்டாலும் உனக்கு வேலை இல்ல."

"ஆகட்டுங்க."

மறுநாள் காலையிலிருந்து முதலாளியின் போன் தட்டிலேயே கிடந்தது. சிமெண்ட் பார்ட்டி கூப்பிடும் நேரத்தில் எடுத்தால், உயிரில்லை.

"ராமக்கா! தட்டை என்ன பண்ணினே?"

"தட்டைத் தொடலீங்க. அதுக்குப் பின்னால ஒரு ஒயர் சுவத்துக்கு ஓடுச்சு. ஒயரில்லாத தட்டுக்கு அது எதுக்குன்னு கழட்டிட்டேனுங்க."

வாசலில் நின்ற டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மாட்டித் தொலை!"

"மாட்டினா உங்க கண்ணுல படுமேங்க. என் வேலை போயிருமே?"

முதலாளி பல்லைக் கடித்தார். "எல்லாத்தையும் மாட்டு. உன் வேலை எங்கேயும் போகாது."

மாட்டினாள். ஆனால் தட்டில் கிடக்கிற போனைக் காதில் வைக்க முடியாது. முதலாளி போர்டிலிருந்த ஒயர்களில் பொருந்தியதைப் போனில் சொருகினார். அவர் நாற்காலி வரை நீளம் போதவில்லை. டிரைவர்கள் நகர்ந்து இடம் விட, நடுவில் உட்கார்ந்து சிமெண்ட் பார்ட்டியிடம் பேசினார்.

பேசி முடித்தும் எழவில்லை.

"இன்னும் ஏறலையப்பா," என்றார்.