லினக்ஸ் தெய்வசிகாமணியும் உயிரோடிருந்த சென்னியப்பனும்

எங்கள் தாராபுரத்தில் புளுகுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நிலத்தை வைத்துப் புளுகுவார்கள், மாட்டை வைத்துப் புளுகுவார்கள். கம்ப்யூட்டரை வைத்துப் புளுகுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெயர் தெய்வசிகாமணி. அவரைக் கடைக்குள் விட்ட புண்ணியவதி நான்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மல்லீஸ்வரி ஆன்லைன் சென்டர் என்று ஒரு போர்டு தொங்குமே, அது என் கடை. போன வருஷம் என் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடித்து, ஒரு பட்டா நகல் எடுப்பதற்குள் வந்தவர் நிலத்தையே விற்றுவிடுவார் போல ஆகிவிட்டது. அப்போதுதான் தெய்வசிகாமணி வந்தார். "அம்மிணி, அதைத் தொடச்சுப் போட்டு லினக்ஸுன்னு வேற சிஸ்டம் போட்டுக்கலாமுங்க. உலகத்துக்கே சும்மா குடுக்கறாங்க. யாரு வேணாத் தொறந்து பாக்கலாம், யாரு வேணா மாத்தலாம்" என்றார். போட்டார். லினக்ஸ் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது பாட்டுக்கு வேலை செய்கிறது, வாயைத் திறப்பதே இல்லை. அதைப் போட்டுக் கொடுத்தவருக்குத்தான் அந்தப் பழக்கம் வரவில்லை.

பூஜை லீவெல்லாம் முடிந்து கடை திறந்த அன்று, மத்தியானம் சென்னியப்பன் ஐயா வந்தார். கவர்மெண்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வருஷத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைத்து நிரூபித்துச் சான்று வாங்க வேண்டும். அன்றைக்கு அஞ்சு மணிதான் கெடு. தவறினால் அடுத்த மாசம் பென்ஷன் நின்றுவிடும். அவர் வீட்டு அடுப்பு எரிவதும், அவர் சம்சாரத்துக்கு இன்சுலின் வாங்குவதும் அந்தப் பென்ஷனில்தான். முழங்கால் ஆபரேஷன் ஆன மனுஷன், குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கைரேகைக் கருவியை நீட்டினேன். விரலை வைத்தார். 'ரேகை தெளிவாக இல்லை, மீண்டும் வைக்கவும்' என்றது திரை. மீண்டும் வைத்தார். அதற்கும் அதே பதில். பூஜைக்கு முந்தின நாள்வரை ஒழுங்காக வேலை செய்த கருவி அது. புத்தி கெட்டுப் போய்த் தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன்.

வந்தார். கருவியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, கருப்பாக ஒரு திரையைத் திறந்து, எலிக்குஞ்சு மாதிரி எழுத்துகளை ஓடவிட்டார்.

"கெர்னல்ல கோளாறுங்க" என்றார்.

"அப்படின்னா என்னங்க தம்பி?" என்று ஐயா கேட்டார்.

"சொன்னாப் புரியாதுங்க. ஆனா இதெல்லாம் எனக்கு ஒரு சோலியே இல்லீங்க. போன வருசம் காங்கேயத்துல ஒரு அரிசி மில்லுல என்னைக் கூப்பிட்டாங்க. ஸ்கிரீன்ல சிவன்மலை படம் வெச்சிருந்தாங்க. மசமசன்னு தெரிஞ்சுது. செட்டிங்ஸ்ல போயி ரெசல்யூஷனை ஏத்துனேன். மலை பளிச்சுன்னு ஆச்சு. இன்னுஞ் சித்தெ ஏத்துனேன், படிக்கட்டு தெரிஞ்சுது. விடாம ஏத்துனா, படியில உக்காந்திருக்கற ஆளு கையில கட்டியிருக்கற வாட்சுல மணி தெரியுதுங்க! அந்த மில்லுல கடிகாரம் ரிப்பேரு. இன்னிக்கு வரைக்கும் சோத்து மணி அடிக்கறது அந்த வாட்சைப் பாத்துத்தான்."

பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் ஹசீனா அக்கா டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்து நின்றிருந்தார். "ஏண்ணா, போட்டோவுல இருக்கற வாட்சு எப்படி ஓடும்?" என்றார்.

"ரெசல்யூஷன் பத்தாட்டித்தாங்க நிக்கும்."

ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த வாட்சு நல்லாவே ஓடுதுங்க தம்பி" என்றார்.

தெய்வசிகாமணி யுஎஸ்பி ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினார். ஐயா விரலை வைத்தார். தெளிவாக இல்லை. தெய்வசிகாமணிக்கு வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டார். அது எழுந்து வருகிற இடைவெளியை வீணாக்க அவருக்கு மனசு வருமா?

"வெள்ளகோவில்ல ஒரு நூல் குடோனுங்க. மவுசு நகரவே மாட்டீங்குதுன்னாங்க. நான் வேகத்தைக் கூட்டி வெச்சுட்டு, சும்மா நகத்தால தொட்டேன். அம்பு ஸ்கிரீனை விட்டே ஓடிப் போச்சு. மேசைக்கடியில தேடறேன், பீரோவுக்குப் பொறத்தால தேடறேன், காணோம். அப்பறம் பாத்தா எதுத்த மருந்துக் கடைக்காரரு ஓடியாறாரு. 'ஏனுங்க, உங்க அம்பு எங்க கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது, பில்லுப் போட முடியலை'ங்கறாரு. ரோட்டைத் தாண்டிப் போயித்தான் கூட்டியாந்தேன்."

"அதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று ஐயா கேட்டார்.

ஹசீனா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மணி நாலைத் தாண்டிவிட்டது. என் கடையில் உட்கார்ந்த பாவத்துக்கு ஒருத்தர் பென்ஷன் போகிறதே என்று ஆத்திரமாக இருந்தது. "அண்ணா, பேசினது போதுமுங்க, ஐயாவைப் பாருங்க" என்றேன்.

"பாத்துட்டுத்தான இருக்கறேன் அம்மிணி. இது பரவால்லீங்க. பிரிண்டருதான் நெம்பக் கஷ்டம். மூலனூர்ல ஒரு பிரிண்டரு, லினக்ஸுக்கு டிரைவரே கிடையாது. கம்பெனிக்காரனே கைய விரிச்சுட்டான். நான் உக்காந்து சொந்தமா எழுதுனேன். எழுதி முடிச்சு ஒரு ஆதார் கார்டை அடிச்சா, போட்டோவுல இருக்கற ஆளு லட்சணமா இருக்கறாருங்க! முகத்துல ஒரு சிரிப்பு, தலைமுடி படிய வாரியிருக்குது. பேங்குக்குக் கொண்டு போனாரு. 'ஆதார்ல எவனும் இப்படி இருக்க மாட்டான், இது டூப்ளிகேட்டு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பறம் அதுக்குன்னே ஒரு செட்டிங்ஸ் வெச்சு, மூஞ்சியைக் கொஞ்சம் கெடுத்துக் குடுத்தேன்."

"அந்தச் செட்டிங்ஸை நம்ம ஊர்ல எல்லாக் கடையிலயும் வெச்சிருக்காங்க போலிருக்குது" என்றார் ஹசீனா அக்கா.

இந்தத் தடவை தெய்வசிகாமணியே ஐயாவின் விரலைப் பிடித்து, கருவியில் அழுத்தி வைத்தார். தெளிவாக இல்லை. உடனே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"அம்மிணி, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லீங்க. ஐயா வெரல்லதாங் கோளாறு. காலம் பூராவும் டிக்கெட்டுக் கிழிச்சுக் கிழிச்சு ரேகை தேஞ்சு போச்சு."

"இருக்கட்டுங்க தம்பி" என்றார் ஐயா. "காத்தாலதான் ரேஷன் கடையில இதே வெரலை வெச்சு அரிசி வாங்கியாந்தேன். அந்த மெசினுக்கு என்னைத் தெரிஞ்சிருந்துச்சுங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் எழுந்து போயிருப்பார்கள். தெய்வசிகாமணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரேகையா பெருசுங்க? ஒட்டஞ்சத்திரத்துப் பக்கம் ஒரு சென்டர்ல இதே கருவிக்கு நாந்தான் லினக்ஸ்ல செட்டிங்ஸ் பண்ணிக் குடுத்தேன். எவ்வளவு துல்லியம்னா, வெரலை வெக்க வேண்டியதே இல்லை. ஆளு கடை வாசப்படி ஏறும்போதே ரேகை ஏறிரும். இன்னுங் கொஞ்சங் கூட்டி வெச்சேன். ஊட்டுல கட்டல்ல படுத்திருக்கறவங்க ரேகையெல்லாம் வருது. சரி, இதுக்கு மேலயும் போகுதான்னு பாப்பமேன்னு ஒரே ஒரு திருகு திருகுனேன். செத்து வருசந் திரும்புன ஒரு பெரியவரோட ரேகை வந்து உளுந்துச்சுங்க! சான்றும் வந்துருச்சு. பென்ஷனும் வந்துருச்சு. ஊட்டுக்காரங்க எனக்கு மாலை போட்டாங்க."

ஐயா குச்சியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"செத்தவருக்குப் பென்ஷன் வாங்கிக் குடுத்துட்டீங்க" என்றார். "நான் இன்னும் சாகாம வந்து உக்காந்திருக்கறதுதாங்க உங்களுக்குத் தொந்தரவாப் போச்சு."

மணி நாலே முக்கால். நான் வாய்விட்டே சொன்னேன், "அண்ணா, அஞ்சு மணிக்குப் பென்ஷன் சைட்டை மூடிருவாங்க."

"அம்மிணி, அதுக்கா பயப்படறீங்க?" என்றவர், செட்டிங்ஸைத் திறந்து தேதி, நேரம் என்று எழுதியிருந்த இடத்துக்குப் போனார். எங்கோ ஒரு வெளிநாட்டைத் தேர்ந்தெடுத்தார். திரையின் மூலையில் மணி மத்தியானம் ஆகிவிட்டது. "பாத்தீங்களா? இனிப் பொறுமையாப் பண்ணலாம். ஒருக்கா உடுமலையில இப்பிடித்தான் ஒரு மணி நேரம் பொறத்தால தள்ளி வெச்சேன். பஸ் ஸ்டாண்டுல வர வேண்டிய வண்டி அத்தனையும் ஒரு மணி நேரம் லேட்டா வந்துச்சுங்க."

"அந்த ரூட்டுல நான் ஓடியிருக்கறேன்" என்றார் ஐயா. "நீங்க தொடாட்டியும் அப்படித்தான் வரும்."

என் பொறுமை அத்தோடு தீர்ந்தது. "எந்திரிங்கண்ணா" என்றேன். அவரை நாற்காலியோடு தள்ளிவிட்டு, நேரத்தைப் பழையபடி மாற்றி, சான்றுப் பக்கத்தைத் திறந்தேன். "ஐயா, கடைசியா ஒரு தடவை வெச்சுப் பாருங்க" என்று கருவியை அவர் பக்கம் திருப்பினேன். கும்பிடாத குறைதான்.

ஐயாவுக்கும் படபடப்பு. படபடப்பில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் கண்டக்டர்கள் செய்வார்களே, அதே மாதிரி விரலை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு கருவியில் வைத்தார். தெளிவாக இல்லை என்றது. விரலை எடுத்தார். விரல் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. மூக்குக்கிட்டக் கொண்டு போனார்.

"அம்மிணி, இந்த மெசினு சந்தனமா வாசமடிக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவிவிட்டு, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டேப்ளர், பசைப் பாட்டில் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். நான் வைக்கப் போனபோது தட்டைப் பிடுங்கிக்கொண்டவர் தெய்வசிகாமணி. ஹார்டுவேருக்கு ஹார்டுவேர் தெரிந்தவன்தான் பொட்டு வைக்க வேண்டுமாம். கைரேகைக் கருவிக்கு நெற்றி எது என்று யோசித்திருப்பார் போல. விரல் வைக்கிற கண்ணாடி நட்டநடுவில் அப்பிவிட்டிருக்கிறார். அது காய்ந்து பொருக்காகிவிட்டது. கருவி போட்டதும் கண்ணாடி சிவப்பாக எரியும், அதில் குங்குமம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? நாங்கள் அத்தனை நேரமும் சாமி பொட்டின் மேல் விரலை வைத்து, ரேகை எங்கே, ரேகை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஹசீனா அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி ஒற்றினேன். ஐயா விரலை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். கருவி ஒரு சத்தம் போட்டது. திரையில் பச்சை டிக் விழுந்தது. சென்னியப்பன் என்பவர் உயிரோடு இருப்பதாக அரசாங்கம் ஒப்புக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சான்றைப் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தபோது மணி அஞ்சாகவில்லை. அவர் அதை ரெண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூலையில் நாற்காலியோடு நின்றிருந்த தெய்வசிகாமணி முன்னால் வந்தார். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

"பாத்தீங்களா அம்மிணி? நான் கெர்னல்ல மாத்துனது இப்பத்தான் போயிச் சேர்ந்துச்சு. சந்தனமெல்லாஞ் சும்மா ஒரு சாக்குங்க. ஐயா, உங்க ரேகையை நான் உள்ள ஆழமாப் பதிச்சு வெச்சுட்டேன். இன்னும் பத்து வருசத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியதில்லை. நீங்க உசுரோட இருக்கறீங்கன்னு கம்ப்யூட்டரே வருசா வருசம் சொல்லிரும்."

சென்னியப்பன் ஐயா குச்சியை ஊன்றி மெல்ல எழுந்தார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். வாசற்படியில் நின்று திரும்பினார்.

"பத்து வருசத்தைப் பத்தி எனக்குக் கவலையே இல்லீங்க தம்பி. நீங்க பேசி முடிக்கற வரைக்கும் உசுரோட இருப்பனான்னுதான் இத்தனை நேரம் பயந்துட்டிருந்தேன்."