உள்ளே ஒருவர் இருக்கும்போது

"அம்மா, ஒரு திருடன்கூட உள்ளே வரலை. ஒரு எழுத்துகூட களவு போகலை. ஆனா ஒரு உயிர் போயிடுச்சு. இது எப்படிம்மா?"

தணிகாசலம் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

ஆசிரமத்தை நடத்தும் தயாபரி அம்மா அவரைவிடப் பல வயது இளையவர். இருந்தாலும் அவர் "அம்மா" என்பார், இவர் "ஐயா" என்பார். ஆசிரமத்தில் அதெல்லாம் சகஜம்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மாவைப் பார்க்க ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம். போனவர் பதிலை வாங்கிக்கொண்டு தானாக எழுந்து வர வேண்டும். "போதும், கிளம்புங்க" என்று அம்மா யாரிடமும் சொல்வதில்லை. அடுத்தவர் அதுவரை வாசற்படியில் காத்திருப்பார்.

"உட்காருங்க ஐயா. என்ன நடந்துச்சு?"

தணிகாசலம் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். வெளியிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக வருகிறவர்களை விசாரித்து உள்ளே விடும் காவல்காரனான ஃபயர்வால் அவர் பொறுப்பு.

"யார் தட்டினாலும் அது 'நீ யாரு'ன்னு கேக்கும்மா. பேரும் பாஸ்வேர்டும் சரியா சொன்னா உள்ளே விடும். அன்னைக்கு எவனோ கூட்டம் கூட்டமா பொய் ஆளுங்களை அனுப்பிட்டான். எல்லாம் வந்து தட்டுச்சு. இது யாருன்னு கேட்டுச்சு. ஒண்ணும் பதில் சொல்லலை."

"அப்புறம்?"

"இதுக்கு மரியாதை ஜாஸ்தி. ஒவ்வொருத்தன் பதிலுக்கும் காத்துக்கிட்டே நின்னுச்சு. நின்னு நின்னு மூச்சு முட்டி விழுந்துடுச்சு. விழுந்தா எல்லாக் கதவையும் சாத்திக்கும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க."

அன்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது அவர் மச்சினன் வேலாயுதம். மனைவி கோதையின் ஒரே தம்பி. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அதைப் பார்த்து மருந்து சொல்ல வேண்டிய பெரிய டாக்டர் வேறு ஊரில் இருந்தார். அவரும் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். சரியான பெயர், சரியான பாஸ்வேர்டு. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஸ்கேனை போனில் படம் பிடித்து அனுப்பலாமே என்று ஒருவருக்குத் தோன்றியபோது நேரம் கடந்துவிட்டது.

பிறகு மேலிடத்தில் தணிகாசலத்தைப் பாராட்டவும் செய்தார்கள். தகவல் எதுவும் திருடுபோகவில்லை அல்லவா!

அம்மா ஏதோ சொல்ல வாய் திறந்தார். அதற்குள் தணிகாசலம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"இந்தப் பழுதைப் பத்தி கம்பெனிக்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்கம்மா. சரிபண்ணணும்னா ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும். ஓடுற ஆஸ்பத்திரியை எப்படி நிறுத்துறதுன்னு தள்ளிப்போட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தானே தள்ளிப்போட்டேன்? தப்பா அது?"

"ஐயா..."

"நிறுத்தியிருந்தா பொழச்சிருப்பானா? வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா? நான்தான் எங்க ஆஸ்பத்திரிக்கே வாங்கன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பொய் ஆளுங்களை அனுப்பினவன் எவன்? வேலாயுதம் அவனுக்கு என்ன பண்ணினான்?"

எந்தக் கேள்விக்கும் பதில் வரும்வரை அவர் நிற்கவில்லை. துக்கம் அப்படித்தான் பேசும், பாவம். காரியம் முடிந்ததிலிருந்து வீட்டிலும் இதே கதைதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். சோற்றுத் தட்டு அப்படியே ஆறிப்போகும்.

சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. பதில் சொல்ல முயல்வதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

குரல் கம்மிப்போன பிறகுதான் தணிகாசலம் நிறுத்தினார்.

"ஒரு கேள்விக்காவது பதில் சொல்லுங்கம்மா."

"வாசப்படியில ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க ஐயா. நீங்க வந்த கொஞ்ச நேரத்துலேயே வந்துட்டாங்க."

"யாரு?"

"தெரியலை. என்னால கேக்க முடியலை. நீங்க உள்ளே இருந்தீங்க."

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார்.

கோதை.

வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்தவரைத் தேடி அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சுடுகிற படியில், ஆசிரம வழக்கத்தை மீறாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் எழுந்து வெளியே போனார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

அவள் பேசும்வரை காத்திருந்தார்.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலைங்க," என்றாள் கோதை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காரியம் முடிஞ்சதுலேர்ந்து கேக்கப் பாக்குறேன். உங்ககிட்ட நெருங்கவே முடியலை."

"கேளு."

"நான் மாத்துத் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன். கடைசியா அவன்கிட்ட இருந்தது நீங்கதான். என் தம்பி என்ன சொன்னான்?"

அத்தனை கேள்வி கேட்டவர் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டதே இல்லை.

"வாய் குழறிச்சு," என்றார். "'அக்கா வந்துட்டாளா மாமா'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தணிகாசலம் அழுதார். செத்த வீட்டில்கூட அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

"பதில் சொல்லலை கோதை. ஃபயர்வாலைப் பாக்க ஓடிட்டேன்."