மேல்படிக்கு ஏறிய செருப்புகள்

முன்னொரு காலத்தில் செருப்புக்குக்கூட வரிசை பார்த்த ஓர் அரண்மனை இருந்தது. வாசலில் ஏழு படிகள். மேல்படியில் அரசரின் பாதரட்சை மட்டும் இருக்கும். மற்றவர்கள் தத்தம் தகுதிக்கேற்ற படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.

ஒருநாள் அங்கு வந்த ஆங்கிலேய வணிகர் ஒருவர், ஆலோசகர் புரந்தரராயரின் பகட்டை ஏற இறங்கப் பார்த்து, "ஸ்நாப்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அது அரசரின் காதில் விழுந்துவிட்டது. பொருள் தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விகடகவி கொன்றையப்பனைத் தொலைக்கச் சமயம் பார்த்திருந்த புரந்தரராயர் எழுந்தார். "மகாராஜா, எல்லாம் தெரிந்த கொன்றையப்பன் இருக்க நமக்கென்ன கவலை?"

"நல்லது. கொன்றையப்பா, அச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் நாளை உச்சிவேளைக்குள் என் கண்முன் ஆளாகவே நிறுத்து. வாய்விளக்கம் வேண்டாம். தவறினால் நீ நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்" என்றார் அரசர்.

கொன்றையப்பன் விழுந்தடித்துக்கொண்டு வணிகருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியிடம் ஓடினான்.

"அவங்க ஊர்ல முதல்ல செருப்புத் தைக்கிறவரைத்தான் அப்படிச் சொன்னாங்க. போகப் போக, பெரிய மனுஷங்களோட ஒட்டிக்கிட்டு மேலே ஏறப் பார்க்கிறவங்களுக்கு அந்தப் பேரு போயிருச்சு" என்றார் துபாஷி.

கொன்றையப்பனுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பிறப்புக்கு அரண்மனைச் செருப்புகளை எல்லாம் தைக்கும் ஒண்டிமுத்து இருக்கிறார். ஆனால் பொருளுக்கு யாரைக் கைகாட்டுவது? எந்தப் பெரிய மனிதரைக் காட்டினாலும் தோலை உரித்துவிடுவார்கள்.

மறுநாள் காலை, வாயில் எதுவும் தங்காத வாயிற்காவலனிடம் போய்க் கிசுகிசுத்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதே. இன்னிக்கு உச்சியில மகாராஜா வெளியே வந்து, தன் பாதரட்சைக்குப் பக்கத்துல யார் செருப்பு கிடக்குன்னு பார்க்கப்போறார்." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

உச்சிவேளையில் அவன் அரசரைச் சபையோடு வாசலுக்கு அழைத்து வந்தான். கீழே ஆறு படிகளும் வெறிச்சோடிக் கிடந்தன. மேல்படியிலோ செருப்புக் குவியல். அரசருக்குத் தம்முடையதே கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஒண்டிமுத்து நின்றிருந்தார்.

"மகாராஜா, சொல்லின் பிறப்பு இவரே. அவர்கள் ஊரில் இவர் தொழிலைச் செய்தவருக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பொருளை இவரே எடுத்துக் காட்டுவார்."

ஒண்டிமுத்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து உரியவர் முன் வைத்தார். அரசரின் பாதரட்சைக்கு மேலேயே ஏறிக் கிடந்த ஜோடியை அவர் தூக்கியதும், இதுவரை அவர் பெயரைக்கூடச் சொல்லியிராத புரந்தரராயர் காதோரம் குனிந்தார்.

"ஒண்டிமுத்தண்ணே, அது என்னோடது இல்லேன்னு சொல்லிடுங்க."

"எப்படிங்க சாமி? உங்க சுண்டுவிரல் புடைப்புக்காக நான்தானே இந்தப் பக்கம் தளர்த்தித் தச்சேன்?"

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையப்பன் கழுத்தில் போட்டார். "ஒண்டிமுத்து, இனி உன் செருப்பும் மேல்படியில் இருக்கட்டும்."

"எனக்கு ஏதுங்க மகாராசா செருப்பு? உங்களுக்கெல்லாம் தச்சு முடிக்கவே பொழுது போயிருது."

அரசர் அந்த வெறுங்காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ராயரே, அமரும். இவருக்கு ஒரு ஜோடி நீர் தைத்துக் கொடும்."

புரந்தரராயர் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ஒண்டிமுத்து நீட்டிய தோலையும் ஊசியையும் கையில் வாங்கினார். முதல் தையலிலேயே ஊசி விரலில் ஏறியது. ஒண்டிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுக்க, அரசருக்கு மறுபடியும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.