சுமையைப் பார்க்காத குருவியும் பனை ஏறாத குரங்கும்

ஒரு காட்டில், ஆற்றுக்கு நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. அந்தத் திட்டை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தக் காட்டு விலங்குகளுக்குக் கயிற்றுப் பாலம் பின்ன ஒரு முறை உண்டு. எந்த நாருக்குப் பிறகு எந்த நார் என்று குகைக்குள் ஒரு பாறையில் கொத்தியிருந்தார்கள். கோடு, புள்ளி, வட்டம், பிறை என்று நாலே குறிகள்தான். மூன்று குறி சேர்ந்தால் அது ஒரு நாருக்கு அடையாளம்.

பாறைக்கு ஆமை காவல். பாறை வெளியே வராது. வேண்டிய பகுதியை மட்டும் அணில் ஓர் இலையில் பார்த்து எழுதிக்கொண்டு வரும். ஆற்றங்கரையில் தூக்கணாங்குருவி அந்த இலையை மும்மூன்று குறியாகப் படிக்கும். நார் சுமந்து வருவது எலிகள். ஒவ்வோர் எலியின் நெற்றியிலும் அதற்குரிய மூன்று குறிகளைச் செம்மண்ணால் தீட்டியிருப்பார்கள். நெற்றிக் குறி இலையோடு ஒத்துப்போனால், குருவி அதன் முதுகிலிருந்து நாரை வாங்கி முன்னதோடு முடிச்சுப் போட்டுவிடும். முதுகில் இருப்பது சரியான நார்தானா என்று பார்க்காது. அந்த நம்பிக்கையில்தான் அத்தனை வேலையும் ஓடியது.

உங்கள் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதம் கோர்க்கப்படுவது கிட்டத்தட்ட இப்படித்தான். ஆனால் அங்கே சுமை ஏற்றும் இடத்திலேயே, ஏற்றியது சரியா என்று பார்க்க ஆள் உண்டு. இந்தக் காட்டில் சுமை ஏற்றியது ஒரு குரங்கு.

ஒரு நாள் காலையில் தாய்முயல் ஒன்று தன் மூன்று குட்டிகளையும் திட்டில் விட்டுவிட்டு, ஆழமில்லாத இடமாகப் பார்த்துக் கடந்து இக்கரைக்கு மேய வந்தது. மலையில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் போவதற்குள் ஆறு பெருகி, திட்டில் பாதி முங்கிவிட்டது. குட்டிகள் ஒரு நாணல் புதரில் ஒட்டிக்கொண்டு நின்றன.

எல்லோரும் ஓடி வந்தார்கள். அணில் எழுதியது, எலிகள் சுமந்தன, குருவி மூச்சு விடாமல் முடிச்சுப் போட்டது. கொக்குகள் பாலத்தின் மறுமுனையைக் கவ்விக்கொண்டு போய்த் திட்டிலிருந்த மருத மரத்தில் கட்டின. முயல் பாலத்தில் கால் வைத்து நாலடி போயிருக்கும், பாலம் பட்டென்று அறுந்தது. தண்ணீரில் விழுந்த முயலை எலிகள்தான் அறுந்த முனையோடு சேர்த்து இழுத்துப் போட்டன.

உடனே நரி நியாயம் பேச வந்துவிட்டது. பாறையில்தான் பிழை இருக்கிறதாம், அதைச் சுரண்டி வேறு மாதிரி கொத்த வேண்டுமாம். ஒரு பாலம் அறுந்ததற்காக இனி வரப்போகிற அத்தனை பாலத்தையும் கெடுக்கச் சொன்ன யோசனை அது. ஆமை குகை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது.

முயல் நனைந்த உடம்போடு அணிலின் இலையை ஆமையிடம் கொண்டு போய்ப் பாறையோடு ஒப்பிடச் சொன்னது. ஒரு குறி பிசகவில்லை. எலிகளின் நெற்றியைப் பார்த்தது. அதிலும் தவறில்லை. கடைசியில் பாலம் அறுந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தது. பனைநார் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய வாழைச் சருகு இருந்தது.

எல்லோரும் குரங்கைப் பார்த்தார்கள். பனை ஏறினால் மட்டையின் ரம்பம் போன்ற கருக்கு கையைக் கிழிக்குமாம். வாழை பக்கத்திலேயே இருந்ததாம். முறுக்கிவிட்டால் இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று அது இளித்தது.

"முடிச்சுப் போட்டது நானில்லையே, குருவிதானே?" என்றும் கேட்டது.

கண்ணெதிரே வந்த சுமையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத தன்மேலேயே குருவிக்கு ஆத்திரம் வந்தது.

எலிகள் குரங்கின் மேல் பாயப் போயின. முயல் தடுத்தது.

"அடிக்க நேரமில்லை. இன்னொரு பாலம் பின்னுங்கள். இந்தத் தடவையும் இவனே சுமை ஏற்றட்டும்."

எல்லோரும் திகைத்தார்கள்.

முயல் குரங்கின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "ஆனால் அதில் முதலில் நடக்கப்போவது நீ. என் பிள்ளைகளை நீதான் முதுகில் தூக்கி வர வேண்டும். எதை ஏற்றுவது என்று இப்போது நீயே முடிவு செய்துகொள்."

குரங்கு ஆற்றைப் பார்த்தது. சுழலில் ஒரு முழு மரமே சுற்றிக்கொண்டிருந்தது. மறுபேச்சில்லாமல் ஓடிப்போய்ப் பனையில் ஏறியது. கருக்கு அறுத்துக் கையெல்லாம் ரத்தம். ஒவ்வொரு நாரையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்துத்தான் எலியின் முதுகில் வைத்தது. குருவியும் இந்தத் தடவை நெற்றியைப் பார்த்தது, முதுகையும் பார்த்தது.

பாலம் தாங்கியது. குரங்கு மூன்று குட்டிகளையும் கொண்டு வந்து சேர்த்தபோது, அவை நின்றிருந்த நாணல் புதர் காணாமல் போயிருந்தது. மழை ஒரு நாழிகை ஓய்ந்திருந்ததால்தான் அவை பிழைத்தன. குரங்கின் யோக்கியதையால் பிழைத்தன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

குரங்கு தன் கிழிந்த கையைக் காட்டிக்கொண்டு ஒரு நல்ல வார்த்தைக்காக நின்றது. முயல் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கித் துடைத்தது. பிறகு அவற்றைக் கூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து அந்தக் காட்டில் எந்தப் பாலம் பின்னினாலும், சுமை ஏற்றியவர்தான் அதில் முதலில் நடக்க வேண்டும்.

நீதி: அடுத்தவர் உயிர் தொங்கப்போகும் வேலையை, உன் உயிரே அதில் தொங்குவதாக எண்ணிச் செய்.