இரண்டு யானை தூக்கும் மூடி

சாரல் தொடங்கிவிட்டால் மலைக்காட்டில் எல்லோருக்கும் குளிரும். கரடிக்கு மட்டும் குளிரோடு இடுப்பு வலியும் சேர்ந்து வரும். காலையில் குகையை விட்டு எழுந்து வருவதற்குள் அது போடுகிற சத்தத்தில், பக்கத்து மரத்துப் பறவைகள் எல்லாம் பறந்துவிடும்.

"ஏங்க, இப்படி எத்தனை நாளைக்குக் கஷ்டப்படுவீங்க? வெந்நீர்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்தா வலி குறையுமாம். கருமந்தி கடையில தொட்டி விக்குதாம். போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றது பெண் கரடி.

கருமந்திக் குரங்கு ஆற்றங்கரையில் கடை போட்டிருந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. குடைந்த மரமும் குடைந்த பாறையும் வரிசையாகக் கிடந்தன. அவ்வளவுதான். ஆனால் கருமந்தியின் வாய் பெரிய கடை.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி! இதைப் பாருங்க. இலுப்பை மரத்தைக் குடைஞ்சது. சுட்ட கல்லை உள்ள போட்டா தண்ணி சூடாயிரும். மேல பனையோலை மூடி. ரெண்டு பேரு தாராளமா உட்காரலாம்."

பெண் கரடிக்குப் பிடித்துவிட்டது. ஆண் கரடி முகத்தைச் சுளித்தது.

"இதுல என் கால் மட்டும்தான் நனையும்."

அது பொய். இரண்டு கரடி உட்காரலாம் என்பது பார்த்தாலே தெரிந்தது. எதிர்மலைக் காட்டெருமை வீட்டில் பெரிய கல்தொட்டி இருக்கிறது என்று கரடி கேள்விப்பட்டிருந்தது. அந்த நினைப்புதான் அதை அரித்துக்கொண்டிருந்தது. வியாபாரிகளுக்கு இந்த மாதிரி முகத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கருமந்தி இரண்டு பேரையும் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனது.

அங்கே ஒரு கல்தொட்டி கிடந்தது. கரடியின் குகையே அதற்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

"ஒரே பாறை அண்ணாச்சி. எட்டு பேரு உட்காரலாம். கீழே தீ மூட்டிக்கலாம். கல்லு ஒருதரம் சூடேறிட்டா லேசுல ஆறாது."

"வீட்டுல நாங்க ரெண்டு பேருதானே?" என்றது பெண் கரடி.

"விருந்தாளி வருவாங்கல்ல மதினி. காட்டெருமை வீட்டுத் தொட்டியில ஆறு பேருதான் உட்கார முடியும்."

கரடியின் கண் விரிந்தது. இனி யார் சொன்னாலும் அது கேட்கப் போவதில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகைக்கல் சாய்ந்திருந்தது. அதுதான் மூடி. பெண் கரடி இரண்டு கையாலும் அதைத் தள்ளிப் பார்த்தது. கல் அசையவில்லை.

"இதை யாரு தூக்குறது?"

"எனக்குத் தெரிஞ்ச ரெண்டு யானை இருக்கு. காலையில வந்து திறந்துவிடும், சாயங்காலம் வந்து மூடிட்டுப் போகும். உங்க பலாமரத்துல பழம் குடுத்தாப் போதும்."

"நடுவுல திறக்கணும்னா?"

"நடுவுல எதுக்கு மதினி திறக்கணும்? சூடெல்லாம் போயிருமே. மூடி கனமா இருந்தாத்தான் சூடு நிக்கும்."

ஆண் கரடி சிரித்தது. "இவளுக்கு எதுலயும் சந்தேகம்தான்."

அதோடு பெண் கரடி வாயை மூடிக்கொண்டது. நாலு பேர் முன்னால் புருஷனை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று நினைத்திருக்கும். எனக்கென்னவோ, அது அங்கேயே ஒரு சத்தம் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

யானைகள் தொட்டியை உருட்டிக் கொண்டுவந்து குகைக்கு முன்னால் வைத்தன. வைத்த இடமும் கரடி தேர்ந்தெடுத்ததுதான். சரிவின் ஓரம். தண்ணீரில் உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். தொட்டிக்கு அடியில் இரண்டு முட்டுக்கல், நடுவில் தீக்குழி.

போகும்போது கருமந்தி சொன்னது: "ஓடையில குளிச்சிட்டுத்தான் உள்ள இறங்கணும். தண்ணியை அடிக்கடி மாத்தணும். இறங்குறதுக்கு முன்னால கையை விட்டுச் சூடு பாருங்க. ஆள் உள்ள இருக்கும்போது தீயைக் கூட்டாதீங்க."

கரடி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடி செய்யவும் செய்தது. தண்ணீரில் எலுமிச்சைப்புல் போட்டது. சேற்றோடு வந்த காட்டுப்பன்றியை ஓடைக்குத் திருப்பி அனுப்பியது. முள்ளம்பன்றிக்குத் தனி நேரம் ஒதுக்கியது. அதை யாரும் எதிர்க்கவில்லை. இடுப்பு வலியும் குறைந்தது.

தினமும் வந்த விருந்தாளிகளில் ஓடைக்கரை ஆமையும் உண்டு. குளிர் வந்தால் ஆமைக்குக் காலெல்லாம் மரத்துப்போகும். இரை தேடக்கூட நகர முடியாது. தொட்டி வந்த பிறகுதான் அது சாரல் காலத்தில் பசியில்லாமல் இருந்தது. தொட்டியின் சுவர் உயரம் என்பதால் காட்டுப்பன்றிதான் அதை மூக்கால் தூக்கி உள்ளே விடும். அதுவே தூக்கி வெளியே எடுக்கும். ஆமை நேராக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மூச்சு வாங்க எப்போதாவது மேலே வரும்.

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே" என்று தினமும் கரடியிடம் சொல்லிவிட்டுத்தான் போகும்.

ஒருநாள் பகலில் புலியிடமிருந்து ஆள் வந்தது. மறுநாள் காலையில் புலி தொட்டியில் இறங்க வருகிறதாம்!

கரடிக்குக் கால் தரையில் பாவவில்லை. காட்டெருமை வீட்டுக்குப் புலி போனதே இல்லை. புதுத் தண்ணீர் நிரப்பியது. காய்ந்த வேங்கை மரக் கட்டைகளாகப் பார்த்து இழுத்து வந்து குவித்தது.

சாயங்காலம் காட்டுப்பன்றியும் ஆமையும் வழக்கம்போலத் தொட்டியில் இருந்தன. திடீரென்று இடி இடித்தது. மழை கொட்டத் தொடங்கியது.

"ஐயோ, குட்டிங்க வெளியில நிக்குதுங்க!" என்று காட்டுப்பன்றி பாய்ந்து வெளியேறி ஓடியது. குட்டிகளைத் தவிர அதற்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

மூடி போட வந்திருந்த யானைகள் அவசரப்பட்டன. "ஆறு ஏறுது கரடியாரே. நாங்க அக்கரைக்குப் போகணும். மூடவா, வேண்டாமா?"

"மூடுங்க, மூடுங்க! மழைத்தண்ணி விழுந்தா சூடு போயிரும்."

கரடி கட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரை எட்டிப் பார்க்கவில்லை. யானைகள் மூடியைத் தூக்கித் தொட்டிமேல் வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்து ஓடின. காலையில் புலி வரும்போது தண்ணீர் சூடாக இருக்க வேண்டும் என்று கரடி தீக்குழிக்குள் கட்டைகளைத் திணித்தது. தீ பற்றிக்கொண்டு எரிந்தது.

கரடி நனைந்த ரோமத்தை உதறிக்கொண்டு குகைக்குள் வந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது.

டொக். டொக்.

"என்னங்க அது?" என்றது பெண் கரடி.

"கல்லு சூடாகுது. வேற என்ன?"

மறுபடியும் டொக், டொக். பெண் கரடி மழையில் இறங்கிப் போய்த் தொட்டியில் காதை வைத்தது. திரும்பியபோது அதன் முகம் வெளுத்திருந்தது.

"ஆமை எங்க?"

"போயிருக்கும்."

"அது எப்படிங்க போகும்? யாராவது தூக்கி வெளிய விடணுமே."

கரடி எழுந்து ஓடியது. இரண்டும் சேர்ந்து மூடியைத் தள்ளின. தோள் கொடுத்துத் தள்ளின. மூடி ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"தீயை இழுங்க!"

எரிகிற கட்டைகளைக் கரடி வெறும் கையால் இழுத்து மழையில் வீசியது. உள்ளங்கை பொசுங்கியது. குழியில் ஒரு கங்குகூட இல்லாமல் வழித்துப் போட்டது. ஆனாலும் தொட்டியின் அடியைத் தொட முடியவில்லை. லேசில் ஆறாது என்று சொல்லித்தானே அந்தக் கல்லை வாங்கியது? தீ போன பிறகும் கல் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே இருந்தது.

டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

கரடி ஆற்றுப்பக்கம் திரும்பி யானைகளைக் கூப்பிட்டது. தொண்டை கிழியக் கூப்பிட்டது. ஆற்று இரைச்சலும் மழை இரைச்சலும்தான் பதிலாக வந்தன.

"தொட்டியைச் சாய்ச்சிருவோம். சரிவுப்பக்க முட்டுக்கல்லுக்கு அடியில தோண்டினா அதுவா சாயும்" என்றது பெண் கரடி.

கரடி தொட்டியைப் பார்த்தது. கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தது.

"சாய்ஞ்சா உருண்டு போயிருமே. சுக்குநூறா உடைஞ்சிரும். காலையில புலி வருதே, அதுக்கு என்ன பதில் சொல்றது? கொஞ்சம் பொறு. யானைங்க சத்தம் கேட்டுத் திரும்பி வந்தாலும் வரும்."

கெட்ட கரடி அல்ல அது. ஆனால் அந்த நேரத்தில் அதன் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான். பெண் கரடி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டும் காத்திருந்தன. யானை வரவில்லை.

உள்ளே ஒருமுறை தட்டும் சத்தம் வந்தது. மிக மெதுவாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

கரடி தொட்டிக்குக் கீழே பாய்ந்தது. புற்றைத் தோண்டுகிற நகம் அதற்கு. முட்டுக்கல்லுக்கு அடியில் மண்ணையும் சரளையையும் வாரி வாரிப் பின்னால் எறிந்தது. நகம் ஒன்று பிய்ந்தது. இடுப்பில் யாரோ ஈட்டியால் குத்துவது போல வலித்தது. தலைக்கு மேலே கல்தொட்டி முனகியது.

"ஏங்க, வெளிய வாங்க! சாயுது!"

"இன்னும் கொஞ்சம்தான்."

"வந்துருங்க!"

முட்டுக்கல் சட்டென்று இறங்கியது. கரடி பக்கவாட்டில் உருண்டது. தொட்டி சரிவுப்பக்கம் சாய்ந்தது. மூடி வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. வெந்நீர் முழுவதும் ஒரே வீச்சில் கொட்டியது. கரடியின் பின்னங்கால் வெந்தது. அடுத்த நிமிஷம் தொட்டி கவிழ்ந்து, சரிவில் உருண்டு, பள்ளத்தாக்கில் மோதி உடைகிற சத்தம் கேட்டது. கரடி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமை! ஆமை எங்க?"

சரிவில் ஒரு பெரணிப் புதரில் ஆமை மல்லாந்து சிக்கிக் கிடந்தது. ஓடு தொடமுடியாத சூட்டில் இருந்தது. கழுத்து வெளியே துவண்டு தொங்கியது. பெண் கரடி அதை மெல்லப் புரட்டி, மழை படும்படி புல்லில் வைத்தது. கழுத்து அசையவில்லை. கால் அசையவில்லை.

கரடி பக்கத்தில் உட்கார்ந்தது. வெந்த காலோடும் பொசுங்கிய கையோடும் அந்த மழையிலேயே உட்கார்ந்திருந்தது. பெண் கரடி உள்ளே கூப்பிட்டும் போகவில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. புலி வந்தது. தொட்டி இருந்த இடத்தில் சாம்பலும் சேறும் இருந்தன. புலி உறுமியது. கரடி எழுந்திருக்கவில்லை. ஆமையின் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. புலி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

வெயில் ஏறியது. ஆமையின் முன்னங்கால் லேசாகத் துடித்தது. பிறகு ஒரு கண் திறந்தது.

"அண்ணே" என்றது ஆமை.

கரடிக்கு அழுகை வந்துவிட்டது. "இருக்கேன். இங்கதான் இருக்கேன். பிழைச்சிட்டே நீ."

ஆமை வெகுநேரம் மூச்சு வாங்கியது. பிறகு கேட்டது: "நான் தட்டினது உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று கரடி சொல்லியிருக்கலாம். ஆமை நம்பியிருக்கும். அன்றுவரை கரடி சொன்ன எதையும் அது நம்பாமல் இருந்ததில்லை.

"கேட்டுச்சு" என்றது கரடி.

"கேட்டுமா அண்ணே?"

கரடி தலையைக் குனிந்துகொண்டது. ஆமை கொஞ்ச நேரம் அதையே பார்த்தது. பிறகு கழுத்தையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கரடி எத்தனை முறை கூப்பிட்டும் அது தலையை வெளியே நீட்டவில்லை.

நம் கையால் நிறுத்த முடியாத சுகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால், அதில் முதலில் வெந்துபோவது நம்மை நம்பி வந்தவர்தான்.