சிப்பித்துறையில் மணல் அள்ளிய இன்னாசியம்மாள்

மீனைக் கீறிக் குடல் எடுத்து, உப்பில் அடுக்கி, ஓலைப்பாயில் காயப் போட்டுக் கருவாடு ஆக்குவது இன்னாசியம்மாளின் பிழைப்பு. உப்புத் தின்ற அவருடைய கைகள் எந்தக் காலத்திலும் வெடித்தே இருந்தன. புதுக்குடிக் கரையில் வேலை முடிந்ததும் கைகளைக் கடலில் அலசுவார். பிறகு பனையோலைக் கடகப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கரையோரமாகவே தெற்கே நடந்து தம் ஊரான சிப்பித்துறைக்கு வந்து சேர்வார். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அவருடைய குடிசையும் சந்தியாகப்பர் கோயிலும்தான் நின்றன. கோயில் தலைவாசலில் அன்றைக்குக் குவிந்திருக்கும் செம்மணலை அள்ளிக் கடற்சரிவில் கொட்டிவிட்டு, கதவைத் தள்ளித் திறந்து, வெறும் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபம் சொல்லுவார்.

அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் அவருடைய முன்னோர்கள். முத்துக்குளிக்கப் போனவர்கள் கடலடியிலிருந்து பாறைக்கல் வெட்டி வந்தார்கள். பெண்கள் சங்கும் சிப்பியும் சுட்டுச் சுண்ணாம்பு அரைத்தார்கள். முதல் தலைமுறையால் பீடத்தையும் அதன் மேல் கவிந்த வளைகூரையையும் மட்டுமே முடிக்க முடிந்தது. அடுத்த தலைமுறை, கரையொதுங்கிய கப்பலொன்றின் தேக்கை உத்திரமாகப் போட்டு நீண்ட கூடத்தைக் கட்டியது. அதற்கும் பின் வந்தவர்கள் முகப்புச் சுவரை எழுப்பி, அதன் உச்சியில் அலை சுருள்வது போன்ற சுதைவேலை செய்து, மணிக்கென்று ஒரு வளைவும் விட்டார்கள். ஒவ்வொரு தலைமுறையின் கல்லுக்கும் ஒரு நிறம், ஒரு சொரசொரப்பு. சுவர் நெடுகக் கையை வைத்துக்கொண்டு நடந்தால் எங்கே தாத்தன் விட்டான், எங்கே பேரன் தொட்டான் என்று விரலுக்கே தெரியும்.

பீடம் கிழக்கே, கடலைப் பார்த்து. வாசல் மேற்கே. அந்த மேற்கிலிருந்துதான் தேரி வந்தது. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் அந்தத் தேரியின் செம்மணல் மேடுகள் ஊர்ந்து ஊர்ந்து வரும். முதலில் தோட்டங்கள் போயின, பிறகு கிணறுகள், பிறகு வீடுகள். வேறு வழியில்லாமல் ஊர் முழுவதும் வடக்கே பெயர்ந்து புதுக்குடி ஆயிற்று. பீடத்திலிருந்த சந்தியாகப்பர் சுரூபத்தையும் கோயில் மணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்னாசியம்மாள் மட்டும் போகவில்லை. ஊர் பெயர்வதற்குச் சற்று முன்னர் வந்த வாந்திபேதியில் அவருடைய கணவர் தொம்மையும் ஒரே மகள் வியாகுலமும் அடுத்தடுத்துப் போயிருந்தார்கள். கோயிலின் தென்புறக் கல்லறைத் தோட்டத்தில் இருவரையும் அடக்கம் செய்திருந்தார்கள். அந்தத் தோட்டமும் மணலுக்குள் போய்விட்டது. எந்த மேட்டுக்கு அடியில் எவர் கிடக்கிறார் என்று காட்ட ஒரு சிலுவைகூட வெளியே தெரியவில்லை.

கருவாட்டுக் கரையில் மற்றப் பெண்கள் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. எல்லோரையும் விட உரக்கச் சிரிப்பவள் பிரகாசி.

"ஏட்டி இன்னாசி, நீ ஒரு பெட்டி அள்ளுதே, காத்து ஒம்பது பெட்டி கொண்டாந்து போடுது. ஒனக்குக் கிறுக்கா?"

"அது கொண்டாரட்டும். வாசல் அடைஞ்சு போச்சுன்னா உள்ள இருக்கவரு எப்படி வெளிய வருவாரு?"

"உள்ள யாருட்டி இருக்கா? சந்தியாகப்பரத்தான் வண்டில ஏத்தியாச்சே!"

"போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று சொல்லிவிட்டு, அம்மையார் மீனைக் கீறுவார்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பீடத்தில் ஒரு பூசை நடக்க வேண்டும். செத்துப் போனவர்களுக்கு அவர்கள் கிடக்கும் மண்ணிலேயே பூசைச் சத்தம் கேட்க வேண்டும். ஞாயிறுதோறும் புதுக்குடிக் கோயிலில் கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் அவர் மனம் தெற்கேதான் கிடந்தது. பங்குச் சுவாமியார் மரியாசூசையிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். சுவாமியார் கடினமான மனிதரல்லர். "ஆளில்லாத இடத்துல பூசை வைக்கிறது எப்படிம்மா?" என்று ஒவ்வொரு முறையும் தணிவாகவே சொல்லி அனுப்பினார்.

ஒரு வைகாசியில் சுவாமியாரே அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இப்பக் கட்டுற புதுக்கோயில் கூரைக்கு மரம் பத்தலைம்மா. பழைய கோயில்ல நல்ல தேக்கு சும்மா கெடக்கு. உத்திரத்தையும் கதவையும் கழட்டிக்கலாம்னு ஊர்ல பேசியிருக்காங்க. உங்ககிட்டச் சொல்லாமச் செய்ய மனசு வரலை."

உத்திரத்தை எடுத்தால் கூரை இறங்கும். கூரை இறங்கினால் தேரி உள்ளே வந்துவிடும். அம்மையார் நின்றபடியே பதில் சொன்னார்.

"ஆடி கழியட்டும் சாமி. காத்து அடங்கினப்பறம் நீங்க வாங்க. கதவு தொறக்கும்படி வாசல் இருந்துச்சுன்னா ஒரே ஒரு பூசை வச்சிருங்க. அடைஞ்சு கெடந்தா மரத்தக் கொண்டு போங்க, நான் குறுக்க வர மாட்டேன்."

சுவாமியார் சம்மதித்தார்.

அன்று முதல் அவர் கருவாட்டு வேலைக்கும் அரைநேரமே போனார். மற்ற நேரமெல்லாம் மணலோடுதான். ஆடி பிறந்தது. காற்று முழுவேகத்தில் இறங்கிய ஒரு பிற்பகலில், நிறைந்த பெட்டியோடு சரிவில் கால் வைத்தவருக்கு மணல் காலடியிலிருந்து நழுவியது. விழுந்த இடத்திலேயே தொடை எலும்பு முறிந்தது. அத்தையைக் காணோமே என்று மறுநாள் தேடி வந்த அண்ணன் மகள் மரியசெல்வம், வண்டி வைத்து அவரைப் புதுக்குடிக்குக் கொண்டு போனாள். வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, அசையவே கூடாது என்றார்.

அந்த ஆடி அவருக்கு எப்படிக் கழிந்தது என்று யாரால் சொல்ல முடியும்? கூரை ஓலை படபடக்கும்போதெல்லாம், இப்போது வாசற்படி மூடியிருக்கும், இப்போது தாழ்ப்பாள் மூடியிருக்கும் என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. கைகள் போர்வையை அள்ளி அள்ளி ஒதுக்கின. கண்ணை மூடினால் பீடம் தெரிந்தது. அதை எட்டித் தொடக் கை நீட்டினால் மண்சுவர்தான் தட்டுப்பட்டது. தேரிப் பக்கம் பனையேறப் போனவர்கள், முகப்பின் சுருள் மட்டும்தான் வெளியே தெரிகிறது என்று சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அன்று அவர் அழுதார். அழுது முடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"ஆண்டவரே, காலு இருந்த வரைக்கும் நான் பாத்தேன். இனி உம்ம வீடு, உம்ம காத்து. நீரே பாத்துக்கிடும்."

ஆவணியில் காற்று அடங்கியது. தச்சர்களும் இரண்டு வண்டிகளுமாகச் சுவாமியார் தெற்கே புறப்பட்டார். தம்மையும் ஏற்றிக்கொள்ளும்படி அம்மையார் கேட்டார்.

"எந்திரிக்கவே முடியல. அங்க போயி என்னத்தப் பாக்கப் போறிய அத்தை?" என்றாள் மரியசெல்வம்.

"கூரைய எறக்குறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துக்கிடுதேன் தாயி."

வைக்கோல் பரப்பி அவரைப் படுக்க வைத்தார்கள். படுத்திருந்தவருக்கு வானம் மட்டுமே தெரிந்தது. கடைசி மேட்டின்மேல் ஏறியதும் முன்வண்டி நின்றது. வண்டிக்காரன் கீழே குதித்தான்.

"சாமி! இங்க வந்து பாருங்க சாமி!"

மேற்கேயிருந்து வந்த தேரி கோயிலுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, வடபுறமும் தென்புறமுமாக ஒதுங்கிக் கிடந்தது. நடுவே கோயில் அடித்தளம் வரைக்கும் வெளிப்பட்டு நின்றது. உயிரோடிருப்பவர் எவரும் கண்டிராத கருங்கல் படிகள் வாசலுக்குக் கீழே வரிசையாகத் தெரிந்தன. சுண்ணாம்புச் சுவர் அன்று பூசியதுபோல் வெளுத்திருந்தது. அம்மையாரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர் பார்த்தார்.

சுவாமியார் தலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டு படியேறிக் கதவில் கை வைத்தார். கதவு திறந்தது. வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்துவிட்டுத் திரும்பி வந்து, வண்டியின் அருகே மணலில் முழந்தாளிட்டார்.

"நாளைக்குக் காலைல பூசைம்மா" என்றார்.

மறுநாள் புதுக்குடியில் அடுப்பு எரியவில்லை. நடந்தும் தோணியேறியும் ஊரே சிப்பித்துறைக்கு வந்தது. கூடம் நிறைந்து படிகளிலும் ஆட்கள் நின்றார்கள். பூசையில் மரித்தோரை நினைக்கும் இடம் வந்தபோது சுவாமியார் பீடத்திலிருந்து இறங்கி, பாயில் சாய்ந்திருந்த அம்மையாரிடம் குனிந்தார்.

"யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கணும்? பேரைச் சொல்லுங்க."

"தொம்மை. எம் மக வியாகுலம்" என்றார். நிறுத்தவில்லை. "கட்டுமரத்தோட போன பிரஞ்சீசு. அவன் தம்பி லாசர். பேறுகாலத்துல போன சலேத்தாள், பேரு வைக்காத அவ பிள்ள. கண்ணு தெரியாத சவரியார் மாமா. பிரகாசியோட அம்ம வெரோணிக்காள்…"

மணலுக்கடியில் கிடந்த ஒருவரையும் அவர் விடவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஓரிடத்திலிருந்து விம்மல் எழுந்தது. பிரகாசி பெண்களை விலக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தாள்.

"எங்கம்ம பேரச் சொல்லி நானே ஒரு செபம் சொன்னதில்லயே யக்கா!"

அம்மையார் அவள் தலையில் கை வைத்தபடியே மீதிப் பெயர்களையும் சொல்லி முடித்தார்.

வண்டிகள் வெறுமையாகத் திரும்பின. உத்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. கல்லறைத் தோட்டம் மட்டும் வெளிப்படவில்லை. ஒதுங்கிய மணலும் சேர்ந்து அங்கே மேடு இன்னும் உயர்ந்துதான் போயிருந்தது. கோலூன்றி நடக்க முடிந்த பிறகு அம்மையார் மாலைதோறும் அந்த மேட்டில் போய் உட்கார்ந்து, உள்ளங்கையை மணலில் பதித்து வைத்திருப்பார். சில ஆண்டுகள் கழித்து, அதே பீடத்தில் பூசை நடந்த ஒரு நாளன்று ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார். கணவரும் மகளும் கிடக்கும் இடம் தெரியாததால், இங்கேதான் இருக்கக்கூடும் என்று எல்லோரும் எண்ணிய இடத்தில் அவரையும் அந்தச் செம்மணலுக்குள் வைத்தார்கள்.

காத்திருப்பதையே தம் தொண்டாகச் செய்த இன்னாசியம்மாளின் வெடித்த கைகளை நாம் நெஞ்சில் வைத்து வணங்குவோம்.