கழற்ற முடியாத துளை

சிப்பிமுனைக் கோவில் பாடகர் குழுவில் ஒரு மண்டலின் இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு துளை. அந்தத் துளையைப் போட்டது சரியா, தவறா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சின்ன விஷயம் என்று எதையும் தள்ளிவிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழும்புக்குத் தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த கஸ்பார் மிராண்டா அங்கே வாங்கிய மண்டலின் அது. மூன்று மாதம் அவர் வாசித்துப் பார்த்தார். வீட்டார் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கோவிலுக்குக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு கடிதம். அதில் இரண்டு நிபந்தனைகள். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் அது என்றும் கேட்க வேண்டும். அதன் மரத்தில் கத்தியோ டிரில்லோ படக் கூடாது. எதை மீறினாலும் மண்டலின் அவரிடமே திரும்ப வேண்டும். கடைசி பெஞ்ச் அவர் வழக்கமாக உட்காரும் இடம். பிரசங்கம் நீண்டால் எழுந்து போக வசதி.

பன்னிரண்டு ஆண்டுகளாக அதை வாசிப்பவர் செலின் கர்வாலோ, பள்ளியில் கணக்கு டீச்சர். அவருக்கு வேறு வாத்தியம் கிடையாது. அது போனால் அவர் வாசிப்பும் போயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கீபோர்டு வந்தது. அதை வாசிப்பவர் குழுத் தலைவர் டெரன்ஸ். சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பி, யாரும் தொடாதபடி மேலே பிளாஸ்திரி ஒட்டினார். மண்டலின் அதில் மூழ்கிப்போனது. மைக் வைத்தால் பக்கத்து ஸ்பீக்கர் ஊளையிட்டது. தள்ளி வைக்கலாமென்று செலின் ஒரு ஸ்டாண்டு வாங்கினார். இரண்டாம் வாரம் அது தபேலாவுக்குப் போனது. நீளமான வயர் வாங்கினார். அது கீபோர்டுக்குப் போனது. வாத்தியங்கள் இருக்கும் அலமாரியின் சாவி டெரன்ஸின் சட்டைப் பையில்.

“மண்டலின் சத்தம் வேணும்னா இதுலயே ஒரு பட்டன் இருக்கு டீச்சர். நீங்க சும்மா கைய ஆட்டிக்கிட்டு இருங்க, போதும்” என்றார் டெரன்ஸ்.

ஒரு திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் மிராண்டா செலினைப் பார்த்தார்.

“நேத்து நல்லா வாசிச்சம்மா.”

“நேத்து நான் பூசைக்கே வரலையே மாமா. காய்ச்சல்.”

“அப்ப மூணு வருஷமா நான் கேட்டது?”

“பட்டன்.”

“திருவிழாப் பூசையில உன் வாசிப்பு எனக்குக் கேக்கணும். கேக்கலன்னா மறுநாளே எடுத்துட்டுப் போயிருவேன். கடுதாசி கடுதாசிதான்.”

ஒத்திகைக்கென்று டெரன்ஸிடம் வாங்கிக்கொண்டு செலின் அதை டவுனில் கிட்டார் பழுதுபார்க்கும் ஷாகுலிடம் எடுத்துப் போனார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே, மரத்தின் உள்பக்கத்தில், தந்தியின் அதிர்வைப் பிடித்து வயரில் அனுப்பும், நாணயம் அளவு பிக்கப் ஒன்றை ஒட்டிவிட்டால் ஊளை இருக்காது என்றார் ஷாகுல். வயர் செருகும் ஜாக்கை வைக்க இரண்டு வழி. விளிம்பில் கிளிப் போட்டு மாட்டலாம். மரத்தில் கீறல் விழாது. அல்லது அடிப்பக்கத்தில் துளைத்துப் பொருத்தலாம்.

“கிளிப்பக் கழத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு நிமிஷம்க்கா.”

“ஓட்டைய?”

ஷாகுல் சிரித்தார். “ஓட்டைய எப்படிக்கா கழத்துறது?”

“அப்ப ஓட்டை போடுங்க.”

“டிரில் படக் கூடாதுன்னு கடுதாசி இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?”

“எனக்கும் படிக்கத் தெரியும் பாய். போடுங்க.”

“என் கையால மாட்டேன். டிரில் அந்தா இருக்கு.” பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். புள்ளிமேல் டிரில்லை வைத்து அழுத்தியவர் செலின். மற்ற வேலையை ஷாகுல் முடித்தார்.

திருவிழாவன்று செலின் கைப்பையிலிருந்து புது வயரை எடுத்து மண்டலினில் ஒரு முனையையும் சத்தங்களைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரில் மறுமுனையையும் செருகினார். மிக்ஸர் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையின் பொறுப்பு; டெரன்ஸ் உட்பட யாரையும் அதில் கைவைக்க விடமாட்டார்.

பூசை முடிந்ததும் மிராண்டா கடைசி பெஞ்சிலிருந்து நேராகக் குழுவிடம் வந்தார்.

“கேட்டுச்சு. மூணாவது சரணத்துல ஒரு இடத்துல தப்பா வாசிச்ச. பட்டன் தப்புப் பண்ணாது. நீதான்.” அப்போதுதான் அடிப்பக்கத்தைப் பார்த்தார். “இது என்னம்மா?”

“ஓட்டை மாமா. நான்தான் போட்டேன்.”

“திருப்பிக் குடுத்துரணும்” என்றார் டெரன்ஸ். “கிளிப் மாட்டியிருக்கலாமாம், ஷாகுலே சொன்னாரு. வேணும்னே போட்டிருக்காங்க.”

“வேணும்னேதான்.”

மிராண்டா கையை நீட்டினார். செலின் மண்டலினை மடியிலிருந்து எடுக்கவில்லை.

கடிதத்தைக் காட்டிக் கை நீட்டும் மிராண்டா, கொடுத்துவிடு என்னும் டெரன்ஸ், புள்ளி மட்டும் வைத்த ஷாகுல், தெரிந்தே துளைத்த செலின். இந்த நால்வரில் யார் செய்தது சரி? மண்டலின் யாரிடம் இருக்க வேண்டும்?

விடை: செலின் செய்தது சரி, மண்டலின் அவரிடமே இருக்க வேண்டும். கிளிப் மாட்டியிருந்தால் இரண்டு நிபந்தனையும் நின்றிருக்குமே என்பவர்கள் கடிதத்தை இன்னொரு முறை படிக்கட்டும். திருவிழாவன்று கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. என்றும் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஸ்டாண்டும் வயரும் போன வழியைப் பார்த்தவர்களுக்கு, அந்த அலமாரியில் கிளிப் எத்தனை வாரம் இருக்கும் என்பது தெரியும். கடிதத்தை முதலில் மீறியது டிரில் அல்ல, பிளாஸ்திரி. அதை ஒட்டியவருக்கு நிபந்தனை பேச வாயில்லை. ஷாகுலும் தப்ப முடியாது, புள்ளி அவருடையது. மிராண்டாவுக்கு எடுத்துப்போகும் உரிமை இருந்தது. ஆனால் மரத்தைக் காக்கச் சொன்னதே சத்தத்துக்காகத்தான் என்பது, எழுதிய அவருக்குத் தெரியாதா? நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். போகும்போது டெரன்ஸுக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னார்: “வயர மட்டும் அலமாரியில வைக்காதம்மா.”